கோப்புகளுக்கு நடுவே ஒரு வேலை: இயலாமை உதவித்தொகை நிறுவன ஊழியர்களுக்குப் பதில்கள்

அமெரிக்காவில் நோயாலோ விபத்தாலோ வேலை செய்யும் திறனை இழந்தவர்களுக்காகச் சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்பு) அலுவலகத்தில் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்து, உதவித்தொகை பெற்றுத்தரும் தனியார் நிறுவனங்கள் பல உண்டு. அப்படிப்பட்ட ஒன்றில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியதைச் சென்ற இதழில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு அதே தொழிலில் இருப்பவர்களும் அதில் சேர நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி எவருடைய பெயரும் எந்த நிறுவனத்தின் பெயரும் இங்கே இல்லை.

கேள்வி: நான் வணிகவியல் படித்தவள். இத்தகைய நிறுவனமொன்றில் கேஸ் மேனேஜர் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. நேர்காணலில் ‘மக்களுக்கு உதவும் வேலை’ என்றார்களே தவிர, நாள் முழுவதும் என்ன செய்யவேண்டியிருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.
– ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: சகோதரி, விண்ணப்பதாரரிடம் தொலைபேசியில் பேசுவது, படிவங்களை நிரப்பி அனுப்புவது, மருத்துவமனைகளிடமிருந்து சிகிச்சை ஆவணங்களைப் போராடி வாங்குவது ஆகிய மூன்றுக்குள் வேலை அடங்கிவிடும். மூன்றாவதுதான் நாளின் பாதியை விழுங்கும். ஒப்புதல் படிவத்தை ஃபேக்ஸில் அனுப்புவீர்கள், வரவேயில்லை என்பார்கள், மறுபடி அனுப்புவீர்கள், இரண்டு வாரம் கழித்து, கையெழுத்தின் தேதி பழையதாகிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். உலகம் எங்கோ போய்விட்டது, இந்தத் தொழில் மட்டும் இன்னும் ஃபேக்ஸ் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

வேலையின் பின்னணியைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. உழைத்து வரி கட்டியவர்களுக்கான இயலாமைக் காப்பீடு 1956-இல் சட்டமானது. வருமானமும் சேமிப்பும் இல்லாத ஏழைகளுக்கான துணை வருமானத் திட்டம் 1974-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் முதல் முடிவை எடுப்பது அந்தந்த மாநிலத்தின் தீர்மான அலுவலகம். அங்கே மறுக்கப்படுவோரே பெரும்பான்மை. அதன்பின் மறுபரிசீலனை, நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் விசாரணை, மேல்முறையீட்டுக் குழு, கடைசியாகக் கூட்டரசு நீதிமன்றம் என்று படிகள் உண்டு. ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள்: இப்போது வரம்புக்கு மேல் சம்பாதிக்கிறாரா (2025-இல் பார்வையிழக்காதவர்களுக்கு அது மாதம் 1,620 டாலர்), நோய் கடுமையானதா, அரசின் நோய்ப் பட்டியல் கூறும் அளவை எட்டுகிறதா, முன்பு செய்த வேலையை இன்னும் செய்ய முடியுமா, முடியாதென்றால் நாட்டில் வேறு ஏதாவது வேலையைச் செய்ய முடியுமா. கோளாறு குறைந்தது 12 மாதம் நீடிக்கும் தன்மையுடையதாகவோ உயிருக்கே முடிவு கட்டக்கூடியதாகவோ இருக்கவேண்டும் என்பதும் விதி. ‘முன்பு செய்த வேலை’ என்றால் 2024 ஜூன் வரை கடந்த 15 ஆண்டுகளைத் துருவவேண்டியிருந்தது. இப்போது ஐந்தாண்டு போதும். வலியில் துடிப்பவரிடம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிடங்கில் எத்தனை பவுண்டு தூக்கினீர்கள் என்று கேட்டு அலுத்த எங்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

சேருவதற்கு முன் சம்பளத்தைப் பேசுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒருவருக்கு எத்தனை கோப்புகள் என்பதை அதற்கும் முன்பே கேளுங்கள். நேரடியாக எண்ணைச் சொல்லாமல் ‘அது மாறிக்கொண்டே இருக்கும்’ என்று மழுப்பினால், எண் பெரியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் பொறுப்பில் 340 கோப்புகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 60 அழைப்புகள் கணக்குக் காட்டவேண்டும். ஓர் அழைப்பு எட்டு நிமிடத்தைத் தாண்டினால் மேற்பார்வையாளரின் திரையில் என் பெயர் சிவப்பாகிவிடும். மறுமுனையில் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது இருந்த நான் இல்லை இப்போது இருப்பது.
– ஒரு வாசகர், நியூ ஜெர்சி

பதில்: முதலில் ஒரு கணக்கு. அறுபதை எட்டால் பெருக்கினால் 480 நிமிடம், அதாவது முழுதாக எட்டு மணிநேரம். தண்ணீர் குடிக்கவும் பேசியதைக் குறித்துவைக்கவும் அதில் ஒரு நிமிடம்கூட இல்லை. ஆகவே உங்களுக்கு விதிக்கப்பட்டிருப்பது இலக்கே அல்ல. பாதிப் பேருக்குக் குரல்வழிச் செய்தி வைத்துவிட்டு நகருங்கள் என்று சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு. அதை எட்ட முடியாதது உங்கள் திறமைக் குறைவு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

அன்றாட வாழ்வைப் பற்றிக் கேட்கும் 3373 எண் படிவத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். தன்மானமுள்ள மனிதர்கள் அந்தப் படிவத்தில் தங்களைத் தாங்களே தோற்கடித்துக்கொள்வார்கள். கிடங்கில் இருபது ஆண்டுகள் உழைத்து முதுகில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மாள் எனக்கு வாடிக்கையாளராக இருந்தார். வீட்டு வேலை செய்வீர்களா என்று கேட்டேன், செய்வேன் என்றார். பாத்திரம் கழுவுவீர்களா என்றேன். கழுவுவேன், ஏன் கழுவமாட்டேன் என்றார், சற்றுக் கோபமாகவே. இரண்டுக்கும் ‘ஆம்’ என்று எழுதி அடுத்த கேள்விக்குத் தாவியிருந்தால் அழைப்பு ஆறு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஏனோ அன்று, ‘எப்படிக் கழுவுவீர்கள் அம்மா?’ என்று கேட்டுவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். நான்கு தட்டு கழுவியதும் உட்கார்ந்துவிடுவார். வலி தணிந்ததும் எழுந்து இன்னும் நான்கு. காலைத் தட்டுகள் முடிவதற்குள் மதியமாகிவிடும். இதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த அழைப்பு 26 நிமிடம் ஓடியது, அன்று மாலை எனக்குத் திட்டும் கிடைத்தது.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு விசாரணையில் நீதிபதி அந்த நாற்காலி வரியை வாய்விட்டுப் படித்தார். அவ்வளவு நேரம் வேலையை விட்டு விலகியிருக்கும் ஒருவரை எந்த முதலாளியாவது வைத்துக்கொள்வாரா என்று வேலைச்சந்தை குறித்துச் சாட்சி சொல்ல வந்திருந்த நிபுணரைக் கேட்டார். ‘மாட்டார்கள்’ என்பது பதில். நூற்றுக்கணக்கான பக்க மருத்துவ அறிக்கை சொல்லாததை நான்கு தட்டுகள் சொல்லிவிட்டன.

எல்லா அழைப்பையும் 26 நிமிடம் நீட்ட உங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஆவணம் வந்துவிட்டதா என்று விசாரிப்பவருக்கு இரண்டு நிமிடம் போதும். மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த ஒரு படிவத்துக்குச் செலவிடுங்கள். மேற்பார்வையாளரிடம் மனிதாபிமானம் பேசிப் பயனில்லை. நன்றாக நிரப்பிய படிவம் வழக்கை வெல்கிறது, வென்றால்தான் கட்டணம் வருகிறது என்று அவருடைய மொழியிலேயே பேசுங்கள். 340 கோப்பில் எது தவறினாலும் மூன்று மட்டும் தவறக்கூடாது: மறுப்புக் கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீடு (அஞ்சலுக்கென்று ஐந்து நாள் சேர்த்துக் கணக்கிடுவார்கள்), விசாரணைக்குக் குறைந்தது ஐந்து வேலைநாட்களுக்கு முன் ஆவணங்களைச் சேர்ப்பது அல்லது இன்னின்னவை வரவேண்டியிருக்கின்றன என்று எழுதித் தெரிவிப்பது, விண்ணப்பதாரரின் புதிய முகவரி. மூன்றாவதை எல்லோரும் அலட்சியப்படுத்துவார்கள். வருமானம் நின்றுபோனவர்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்கள், கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், கெடு கடந்துவிடும்.

கேள்வி: வழக்கறிஞர் பட்டம் இல்லாமல் விசாரணையில் ஆஜராக முடியுமா?
– ஒரு வாசகர், ஒஹாயோ

பதில்: முடியும். விண்ணப்பதாரர் 1696 எண் படிவத்தில் உங்களைப் பிரதிநிதியாக நியமித்தால் போதும். ஆனால் உங்கள் கட்டணத்தைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமே பிடித்து உங்களுக்கு நேரடியாகத் தரவேண்டுமென்றால், இளங்கலைப் பட்டமோ அதற்கு ஈடான பயிற்சியும் அனுபவமுமோ வேண்டும். அதோடு தேர்வு, பின்னணிச் சோதனை, பொறுப்புக் காப்பீடு, தொடர் பயிற்சி எல்லாம் உண்டு. 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சோதனை முறையில் தொடங்கிவைத்தது, 2010-இல் நிரந்தரமாயிற்று. நான் அந்தத் தேர்வை இரண்டாம் முறைதான் தாண்டினேன். உங்கள் நிறுவனம் தேர்வுக் கட்டணத்தைக் கொடுக்குமானால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களை அனுப்புவதே காப்பீட்டு நிறுவனங்கள்தான். வழக்கு வென்றதும் வாழ்த்துச் சொல்லி, அதே மூச்சில், வந்த பணத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்று நான் சொல்லவேண்டியிருக்கிறது. திட்டாதவர்கள் இல்லை. நான் யார் பக்கம் வேலை பார்க்கிறேன் என்பதே எனக்குப் புரியவில்லை.
– ஒரு வாசகி, இல்லினாய்

பதில்: இந்தத் தொழிலில் மிகவும் கசப்பான நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறார்கள். பணியிடம் வழியாக நீண்டகால இயலாமைக் காப்பீடு பெற்றவர், சோஷியல் செக்யூரிட்டிக்கும் விண்ணப்பிக்கவேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் நிபந்தனை விதிக்கின்றன. அங்கே கிடைக்கும் தொகையைத் தாங்கள் தருவதிலிருந்து கழித்துக்கொள்கின்றன. விண்ணப்பம் வெல்வதற்குள் காலம் ஓடிவிடுவதால், அதுவரை கழிக்காமல் கொடுத்ததைத் திரும்பக் கேட்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காப்பீடு மாதம் 2,400 டாலர் தருகிறது. சோஷியல் செக்யூரிட்டி மாதம் 1,600 டாலர் என்று தீர்மானித்து 20 மாத நிலுவையைத் தருகிறது. ஆக 32,000 டாலர். அதில் கால் பங்கான 8,000 டாலர் உங்கள் நிறுவனத்தின் கட்டணம். மீதி 24,000 டாலரைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது. கட்டணத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிப்பதுதான் அதன் பெருந்தன்மை. விண்ணப்பதாரர் கையில் நிற்பது பூஜ்யம். இரண்டாண்டு காத்திருந்து வென்றவர் உங்களைத் திட்டுகிறார் என்றால், அவரிடத்தில் நான் இருந்தாலும் திட்டியிருப்பேன்.

ஆனாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது சரியல்ல. உதவித்தொகைக்கு உரியவராகி 24 மாதம் கழிந்ததும் அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். வருமானமில்லாத ஆண்டுகள் ஓய்வுக்காலத் தொகையைக் குறைத்துவிடாமல் பாதுகாப்பு உண்டு. காப்பீட்டு நிறுவனம் நாளை ‘நீங்கள் தேறிவிட்டீர்கள்’ என்று கையை விரித்தாலும், அரசின் 1,600 டாலர் அதன் பேச்சைக் கேட்டு நின்றுபோகாது. இதைத்தான் முதல் அழைப்பிலேயே, பணம் வருவதற்கு ஈராண்டு முன்பே, இதே எடுத்துக்காட்டுக் கணக்கோடு சொல்லவேண்டும். நான் அப்படிச் சொல்லத் தொடங்கியபின் சிலர் அன்றே கோபப்பட்டார்கள். வெற்றி பெற்ற நாளில் எவரும் ஏமாந்துபோகவில்லை. நிலுவைத் தொகை வந்ததும் செலவழித்துவிடவேண்டாம், தனியாக எடுத்துவையுங்கள் என்று எழுத்திலும் கொடுத்துவிடுங்கள்.

யார் பக்கம் என்ற கேள்விக்குச் சட்டப்படி ஒரே பதில்தான்: 1696 படிவத்தில் யார் கையெழுத்திட்டாரோ அவர் பக்கம். சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகையை வேறொருவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது என்று அந்தச் சட்டத்தின் 207-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டை விளக்குவது வேறு, வசூல்காரரைப் போல மிரட்டுவது வேறு. இரண்டாவதை உங்களிடம் எதிர்பார்த்தால் மறுத்துவிடலாம், மறுத்ததை மின்னஞ்சலில் பதிவும் செய்துகொள்ளலாம்.

கேள்வி: வழக்கு இழுக்க இழுக்க நிறுவனத்துக்குக் கட்டணம் கூடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், ஜார்ஜியா

பதில்: ஓரளவுக்கு உண்மை. வழக்கமான ஒப்பந்தப்படி நிலுவைத் தொகையில் 25 விழுக்காடு கட்டணம், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. 2009 முதல் 6,000 டாலராக இருந்தது, 2022 நவம்பர் 30 முதல் 7,200, 2024 நவம்பர் 30 முதல் 9,200. மாதம் 1,600 டாலர் பெறப்போகிறவருக்கு 23 மாத நிலுவை சேர்ந்ததும் வரம்பு எட்டப்பட்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு மாதத் தாமதமும் நிறுவனத்துக்குச் செலவுதான். அதுவரையில் அவசரப்பட எந்த ஊக்கமும் இல்லை என்பதும் உண்மைதான். நான் பார்த்தவரையில் வேண்டுமென்றே இழுத்தடித்தவர்கள் அரிது; ஆள் போதாமல் கிடப்பில் போட்டவர்கள் ஏராளம். விண்ணப்பதாரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி: மூன்றாண்டாக வாரந்தோறும் பேசிவந்த வாடிக்கையாளர் விசாரணைக்கு மூன்று வாரம் முன் இறந்துவிட்டார். அவருடைய மனைவி எண்ணிலிருந்து செய்தி வந்தது. மேசையிலேயே அழுதுவிட்டேன். மேற்பார்வையாளர், ‘கோப்பை மூடிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்’ என்றார்.
– ஒரு வாசகி, புளோரிடா

பதில்: அழுததற்காக வெட்கப்படாதீர்கள் அம்மா. ஆனால் கோப்பை மூடாதீர்கள். உழைத்துச் சேர்த்த காப்பீட்டின் கீழ் வரும் விண்ணப்பமானால், இறக்கும் வரை அவருக்குச் சேரவேண்டிய நிலுவை மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ போகலாம். அவருடைய இடத்தில் மனைவியை நிறுத்தி வழக்கைத் தொடரத் தனிப் படிவமே இருக்கிறது. ஏழைகளுக்கான துணை வருமானத் திட்டத்தில் விதி இறுக்கமானது. பெரும்பாலும் உடன் வாழ்ந்த துணைக்கு மட்டுமே உரிமை. இறந்தவர் எந்தத் திட்டத்தின் கீழ் விண்ணப்பித்திருந்தார் என்று இன்றே பாருங்கள். அந்த அம்மாளை இன்றே அழைக்கவேண்டாம்; சில நாள் பொறுத்து அழைத்து, முதல் வாக்கியமாகப் படிவத்தைப் பற்றிப் பேசாமல் இருங்கள். விசாரணை அலுவலகத்துக்கு மட்டும் உடனே எழுதிவிடுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று: சிலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி அழைப்பிலேயே பேசுவார்கள். அப்படிப்பட்ட அழைப்பை எட்டு நிமிடத்தில் முடிக்க எந்த விதியும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் 988 என்ற நெருக்கடி உதவி எண் இயங்குகிறது. அவரை அதற்கு இணைக்கும் வரை தொடர்பைத் துண்டிக்காதீர்கள். அந்த நாளில் உங்களுக்கும் அரைமணி நேரம் ஓய்வு கேளுங்கள். கொடுக்காத மேற்பார்வையாளரையும் நான் கண்டிருக்கிறேன். கேட்டது பதிவில் இருக்கட்டும்.

கேள்வி: வாடிக்கையாளர் குளிர்காலத்தில் நண்பருக்குக் கூரை பழுதுபார்க்க உதவினார் என்று ஒரு மருத்துவர் குறித்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பதிவேற்றவேண்டாம் என்று மூத்த ஊழியர் சொன்னார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், மிசூரி

பதில்: பதிவேற்றுங்கள். சாதகமானாலும் பாதகமானாலும் இயலாமை தொடர்பான ஆவணங்களைச் சமர்ப்பிக்கவேண்டும் என்பது 2015 முதல் விதி, பிரதிநிதியையும் அது கட்டுப்படுத்தும். மறைத்தது தெரிந்தால் பிரதிநிதியாக இயங்கும் தகுதியையே இழக்க நேரும். கூரை விஷயத்தை வாடிக்கையாளரிடமே கேளுங்கள்; ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதாகவோ மறுநாள் முழுவதும் படுக்கையில் கிடந்ததாகவோ அவர் சொன்னால், அதையும் சேர்த்து அனுப்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், உள்ளதை உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

குறுக்குவழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த தனியார் வழக்கறிஞர் எரிக் கான் சாட்சி. பொய் மருத்துவ அறிக்கைகளாலும் நீதிபதிக்குக் கொடுத்த லஞ்சத்தாலும் வழக்குகளை வென்றவர், 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்கு முன் தப்பியோடி, அதே ஆண்டு டிசம்பரில் ஹோண்டுராஸ் நாட்டில் பிடிபட்டார். உண்மையிலேயே நோயாளிகளாக இருந்த அவருடைய கட்சிக்காரர்கள் பல நூறு பேர் உதவித்தொகையை இழந்து தவித்ததுதான் என்னை இன்றும் உறுத்துவது. அவருக்கு முதலில் துணைபோனவர்களும் ஏதோ ஒரு ‘மூத்த ஊழியர் சொன்னார்’ என்றுதான் தொடங்கியிருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

கேள்வி: எங்கள் பிரிவில் ஒரே நாளில் பலரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். வழக்குகள் குறையவில்லையே, பின் ஏன்? நான் இருப்பதா, விலகுவதா?
– ஒரு வாசகர், அரிசோனா

பதில்: வழக்கு நிறைய இருப்பதும் பணம் நிறைய இருப்பதும் இந்தத் தொழிலில் ஒன்றல்ல. இன்று பெறும் வழக்கில் ஒரு காசு வருவதற்கு ஓராண்டோ இரண்டாண்டோ ஆகலாம், தோற்றால் எதுவுமே வராது. ஆனால் சம்பளத்தை மாதந்தோறும் கொடுக்கவேண்டும். நீதிபதிகள் ஏற்கும் விகிதம் சற்றுக் குறைந்தாலோ விசாரணைத் தேதிகள் தள்ளிப்போனாலோ பெரிய நிறுவனமே ஆடிப்போகும். தொலைக்காட்சி விளம்பரங்களால் நாடறிந்திருந்த பைண்டர் அண்ட் பைண்டர் நிறுவனம் 2014 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது இதற்கு வெளிப்படையான எடுத்துக்காட்டு.

ஆள் குறைத்த பிறகு, நீக்கப்பட்டவர்களுடைய கோப்புகள் யாருக்கு வந்தன என்று பாருங்கள். உங்கள் எண் இருநூறிலிருந்து முந்நூற்றைம்பதாக உயர்ந்து, அதைக் குறைக்கும் திட்டம் எதையும் நிர்வாகம் சொல்லவில்லையென்றால் விலகுவதே நல்லது. அந்த எண்ணிக்கையில் எவராலும் நேர்மையாக வேலை செய்ய முடியாது. மருத்துவ ஆவணத்தைப் படித்து அதில் எது முக்கியம் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்கும். மாநிலத் தீர்மான அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளின் சமூகப்பணிப் பிரிவுகளுக்கும் அது வேண்டிய திறமை. விலகுவதென்று முடிவானால், அடுத்த 90 நாட்களில் கெடு முடியும் கோப்புகளைத் தனியாகப் பட்டியலிட்டு, அவை வேறொருவருடைய நாட்காட்டியில் ஏறிவிட்டனவா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்த பிறகு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.